கொலருக்குள் இருந்த தனு

அந்த மனிதர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை இரண்டும் வெறுமை. "என்னட்டை ஒண்டும் இல்லை" என்று சொல்வதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

நான் தேத்தண்ணி மேசைக்குப் பின்னால் நின்றேன். கையிலிருந்த கடதாசிக் கோப்பை நசிந்து, சுடுதண்ணி விரலில் ஊற்றிவிட்டது. அது சுட்டதுகூடக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

ஏனென்றால் அதே மனிதர் அதே மாதிரிக் கையை விரித்து நின்றதை நான் முன்னமும் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் இளந்தாரி. என் மகள் ரூபி கைக்குழந்தை. இரண்டு தரமும் அவர் கையை விரித்தது என்னால்தான்.

போன கிழமை இங்கே நான் எழுதிய பனிச்சப்பாத்துக் கதையை வாசித்துச் சிரித்ததாக ஜான்-டலோன் சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு பிள்ளை சொன்னது. இதிலும் சிரிக்க இருக்கிறது. முழுக்க இல்லை.

மற்ற இரண்டு பேரும் எங்கே?

றக்பி என்றால் பதினைந்து பேர் என்று எல்லாருக்கும் தெரியும். பதின்மூன்று பேர் விளையாடுகிற றக்பி ஒன்றும் இருக்கிறது. எங்கள் கிளப் அந்த வகை. "மற்ற ரெண்டு பேரும் எங்கை போட்டினம்?" என்று இவர்கூட முதலில் கேட்டார். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

கிளப்பைத் தொடங்கிய லுக், இவர் கோப்பை கழுவிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். பகலில் வெங்காயம் வெட்டுவார், பின்னேரம் பந்தோடு ஓடுவார். லவாலிலிருந்தும் ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார். ஒருவர் பாண் சுடுபவர், ஒருவர் கூரை போடுபவர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். விளையாடினால் கையில் ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். அதை நம்பி ஒருவரும் வேலையை விடவில்லை.

ஜேர்சி அரக்கு நிறம். நெஞ்சில் மஞ்சளாய் ஒரு நாரை, ஒற்றைக் காலில் நிற்கும். மைதானத்தில் பதின்மூன்று பேர், வாங்கில் மாற்றாட்களாய் நாலு பேர். ஆகப் பதினேழு ஜேர்சி.

ஒரு நாள் வேலையால் வந்த இவர் கோட்டைக் கழற்ற முதலே சொன்னார்.

"இஞ்சேரும், லுக்கின்ரை ஆக்களின்ரை உடுப்பை நாங்கள் தோய்ச்சுக் குடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டன்."

"நாங்கள் எண்டால் ஆர்?"

"நாங்கள்தான்."

"அதிலை நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் காயப்போடுறன்."

காயப்போட்டது ஒரே ஒரு நாள். அதுவும் ஜேர்சிக் கையெல்லாம் முறுகி, பேந்து நான் எடுத்து உதறிப் போட்டது.

எங்கள் வீடு பார்க் எக்ஸில் இரண்டாம் மாடி. சேறு படிந்த உடுப்பை மெசினில் போட்டால் வீட்டுச் சொந்தக்காரி ஏசுவாள். குளிக்கிற தொட்டியில் ஊறப்போட்டுத்தான் பேந்து மெசின். தண்ணி பிளேன்டீ நிறமாகும், நோவெண்ணெய் மணக்கும். இரத்தக் கறைக்குச் சுடுதண்ணி கூடாது, பச்சைத்தண்ணியும் உப்பும்தான். இதெல்லாம் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜேர்சிதான் சொல்லித் தந்தது.

எந்த ஜேர்சி ஆருடையது என்று தெரிவதற்குக் கழுத்துக் கொலருக்குள் பெயர் எழுதச் சொன்னார் லுக். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். இவர் பெயரை வாசிக்க, காதில் விழுந்தபடி அழியாத பேனையால் தமிழில் எழுதினேன். பொடியளுக்கு அது நல்ல பகிடி. மிஷேல் என்பவன் தன் பெயரில் நத்தை ஒன்று இருக்கிறது என்பான். இன்னொருவன் தன்னுடையதில் கதிரை இருக்கிறது என்பான். எழுத்தே தெரியாமல் எல்லாரும் தங்கள் பெயரைக் கண்டுபிடித்து எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நடுவர் கூப்பிட்ட பெயர்

முதல் ஆட்டம் சித்திரை முடிகிற நேரம். மைதான ஓரத்தில் ஊத்தைப் பனி குவியலாய்க் கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் வரவில்லை. இரண்டு பேரை டாக்சியில் கொண்டுவந்து இறக்கிய சாரதி, ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று வேலியோரம் நின்றார். உயரமான இளந்தாரி, எங்கடை நிறம். லுக் ஓடிப்போய் அவரின் கையைப் பிடித்து இழுத்து வந்து, பதினேழாம் இலக்க ஜேர்சியைத் தலைக்கு மேலால் போட்டுவிட்டார். பெயர் கேட்கக்கூட நேரமில்லை.

முதல் பாதி முழுக்க ரூபி அழ, நான் அவளைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் நடந்தேன். இரண்டாம் பாதியில் அவரை இறக்கினார்கள். பந்து கைக்கு வந்ததும் நேரே ஓடினார். மூன்று பேர் பிடித்து விழுத்தினார்கள். நடுவர் கத்தினார்: "தனூ!"

நான் நிமிர்ந்து இருந்தேன்.

திரும்பவும் பந்து, திரும்பவும் விழுந்தார். "தனூ!"

"இஞ்சேருங்கோ, அது தமிழ்ப் பொடியன்" என்றேன்.

"எது?"

"அந்தப் பதினேழு. நடுவர் பேர் சொல்லிப் பேசுறாரெல்லே. தனு, தனு எண்டு."

இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இருக்கும். ஆனால் நடுவருக்கு இவனிலை ஏன் இவ்வளவு கோவம்?"

நான் ஆட்களோடு முந்திக்கொண்டு கதைக்கிற ஆள் இல்லை. கடையில் சில்லறை பிழையாய்த் தந்தாலும் பேசாமல் வந்துவிடுவேன். அன்றைக்கு மட்டும், தமிழ்ப் பிள்ளை, அந்நிய தேசத்தில் இப்படி விழுந்தெழும்புகிறதே என்று போத்தல் தேத்தண்ணியோடு நேரே போனேன்.

"தம்பி, எந்த ஊர்?"

"பார்தோன்?" என்றார், விளங்கவில்லை என்கிற மாதிரி.

அவர் ஹெயிட்டிக்காரர். அப்போது அது எனக்குத் தெரியாது. இங்கே பிறந்த பிள்ளையாக்கும், தமிழ் வராது என்று நினைத்துக்கொண்டேன். சேற்றுக் கையால் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "மெர்சி, மதாம்" என்றார். முன்பல்லில் சேறு. அப்படிச் சிரித்த ஒருவரை நான் இந்த ஊரில் அதுவரை கண்டதில்லை.

அன்று பின்னேரம் கொலரில் பெயர் எழுதும்போது, லுக்கின் பட்டியலில் வராதவனின் பெயரை வெட்டியிருந்தது, பதினேழுக்குப் பெயர் இல்லை. எனக்குத்தான் தெரியுமே. வடிவாய் எழுதினேன்: தனு.

பால் பொங்கிய நேரம்

அந்தத் திங்கட்கிழமை ஜேர்சிகளை அயன்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். மினுக்கத் தேவையில்லாத துணி அது. முதல் தரம் கொடுக்கிறோம், மடிப்போடு கொடுக்க வேண்டும் என்று எனக்கொரு வீறாப்பு.

குசினியில் பால் பொங்கியது. ரூபி வீரிட்டாள். நான் ஓடினேன். திரும்பி வரும்போது இறப்பர் எரிந்த மணம். அயன்பெட்டி பதினேழாம் ஜேர்சியின் முதுகில் குப்புறப் படுத்திருந்தது. தூக்கினேன், இறப்பரில் ஒட்டியிருந்த இலக்கத்தில் ஏழின் தலை அதோடு சேர்ந்து வந்தது.

ஜேர்சியைச் சுருட்டிச் சூட்கேசுக்குள், கூறைச்சேலைக்கு அடியில் வைத்தேன். பின்னேரம் லுக் வந்து எண்ணினார். பதினாறு. இவரைப் பார்த்தார், இவர் என்னைப் பார்த்தார்.

"பதினேழாம் நம்பர் எங்கையாம்?"

லுக்கின் கிளப்புக்குப் புது ஜேர்சி. இவர் அந்தக் குசினியில் வேலைக்குச் சேர்ந்தும் கன நாள் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வேலை போய்விடும் என்று பட்டது.

"வரேல்லை" என்றேன்.

"பையிலை வரேல்லையாம்" என்று இவர் லுக்குக்குச் சொன்னார். லுக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆ, டாக்சிக்காரன்" என்றார். தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் சொன்னது ஒரு சொல். அது இரண்டு பேரைக் கடந்து போவதற்குள் ஒரு மனிதரைக் கள்ளனாக்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். கையில் பிளாஸ்ரிக் பை, அதற்குள் புதுச் சப்பாத்து, ஆணி வைத்தது. ஒரு நாள் விளையாடிப் பிடித்துப்போய், தன் காசில் வாங்கியிருக்கிறார். லுக் வேலியடிக்குப் போய் ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு நின்றவர், சிரிப்பை நிற்பாட்டினார். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். லுக் திரும்பி நடந்தார். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் போத்தல் தேத்தண்ணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. யாரோ விழுந்தார்கள். நடுவர் கத்தினார்: "தனூ!"

தனுதான் போய்விட்டானே, பிறகு ஆரை இவர் கூப்பிடுகிறார்?

இவர் லுக்கிடம் கேட்டு வந்து விளக்கினார். அது பெயரில்லை, பிரெஞ்சுச் சொல். பந்தோடு ஓடுகிறவரை விழுத்தியதும் நடுவர் அப்படிக் கத்துவார். பிடிபட்டாய் என்று அர்த்தம். கத்தினவுடன் பிடித்தவர்கள் கையை விட்டு, மேலேயிருந்து எழும்பிவிட வேண்டும். விழுந்தவரையும் எழும்ப விடவேண்டும். அவர் காலால் பந்தைப் பின்னுக்கு உருட்டிவிட, ஆட்டம் தொடரும். ஆறு தரம் அப்படிப் பிடிபடலாம்.

"பிடிபட்டவனை எழும்ப விடாட்டி?" என்று கேட்டேன்.

"அது குற்றம்" என்றார்.

வெறுமையான இடம்

பிறகு எத்தனையோ வருஷம் நான் அந்த நாரைகளைத் தோய்த்தேன். கிளப் ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. சில வருஷம் ஆள் காணாமல் படுத்தது, பேந்து எழும்பியது. எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் போய் விளையாடித் தோற்று வந்தார்கள். ஒரு தரம் வென்றும் வந்தார்கள், அன்றைக்கு ஜேர்சியில் சேற்றைவிட பியர் மணந்தது. கடைசியில் லவாலில் சொந்தமாய் ஒரு மண்டபம் கிடைத்தது. பெண்பிள்ளைகளின் அணியும் வந்தது. இவரும் கண்ணை மூடிவிட்டார். என் கையும் பிழிய ஏலாமல் போனது. உடுப்பை வெளியே கொடுத்தார்கள், என்னைத் தேத்தண்ணி மேசைக்கு மாற்றினார்கள். அவர்களின் பிரெஞ்சு காதுக்கு அரைகுறையாய் விளங்கப் பழகியது, வாய்க்குத்தான் வரவில்லை.

சூட்கேஸ் மட்டும் வீட்டுக்கு வீடு என்னோடு வந்தது.

இந்த வருஷம் லுக் ஒரு பலகை செய்வித்தார். கிளப்புக்காக ஒரு நிமிஷம் விளையாடியிருந்தாலும் அதில் பெயரும் இலக்கமும் இருக்கும். முதல் ஆட்டத்தில் இறங்கியவர்களுக்கு ஒன்றிலிருந்து பதினேழு, மற்றவர்களுக்கு வந்த வரிசை. ஒரு தரம் கொடுத்த இலக்கம் செத்த பிறகும் அவருக்குத்தான். பழைய கடதாசியெல்லாம் ஒரு மாரிக் குளிரில் தண்ணிக்குழாய் வெடித்துக் கூழாய்ப் போனதால், லுக் ஞாபகத்திலிருந்தும் ஃபோனிலிருந்தும் பெயர்களைச் சேர்த்தார்.

பெயர் பிழையாய் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எல்லாரையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். பதினாறு வரைக்கும் பெயர். பதினேழுக்கு நேரே வெறுமை. பிறகு பதினெட்டு.

அங்கேதான் அந்த டாக்சிக்காரர் நின்றார். மயிர் நரைத்து, வயிறு வைத்து. பக்கத்தில் அவருடைய மகள் நதீன், இந்த வசந்தத்தில்தான் பெண்கள் அணிக்கு வந்த பிள்ளை. அவர் விரலால் அந்த வெறுமையைத் தொட்டு மகளுக்குச் சொன்னார்: "இது நான்."

லுக் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மறக்காத மனிதர்.

"பதினேழாம் ஆள் எங்கடை ஜேர்சியைக் கொண்டு போனவன். அதுதான் அந்த இடத்தைச் சும்மா விட்டனான்."

"நான் கொண்டு போகேல்லை" என்றார் அவர். கையை விரித்தார்.

நதீன் நிலத்தைப் பார்த்தாள். "அப்பா, வாங்கோ போவம்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

நான் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வசனம்

"அம்மா, ஒரு ஜேர்சிக்கே மூண்டு நாளா முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்?" ரூபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஜேர்சிக்கில்லைப் பிள்ளை. அந்தாளின்ரை மகள் நிலத்தைப் பாத்தவள்."

ரூபி கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "சரி, நான் லுக்குக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுறன்."

"வேண்டாம். அண்டைக்கும் எனக்காக உன்ரை அப்பாதான் கதைச்சவர். எனக்கு வசனத்தைச் சொல்லித் தா."

"என்ன வசனம்?"

"அவர் இல்லை, நான்தான் எண்டு."

சொல்லித் தந்தாள். ஸே பா லுவி. ஸே முவா. முதலாவது, அவர் இல்லை. இரண்டாவது, நான்தான். அரிசி கழுவும்போது சொன்னேன். சாமிப்படத்துக்கு முன்னால் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை பலகைத் திறப்பு, ரூபிக்கு புவாண்ட்-கிளேரில் வேலை. நான் தனியப் போனேன். மெற்றோவில் லவால் வரும்வரைக்கும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டார். மடியில் சேலைக்கடைப் பை. அதற்குள் ஜேர்சி.

மண்டபம் நிறைய ஆட்கள். பலகைக்கு மேல் துணி போட்டிருந்தது. நதீனுக்கும் இலக்கம் கொடுக்கிற நாள் என்பதால் அவர் வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றார்.

லுக் துணியில் கை வைத்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"மதாம், தேத்தண்ணி பேந்து" என்றார் லுக். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தலையாட்டினேன். கதவோரம் நின்றவரைக் காட்டினேன். அத்தனை கண்ணும் என்மேல். வாயைத் திறந்தேன்.

"ஸே பா முவா" என்றேன். "ஸே லுவி."

கதவோரம் நின்றவரின் முகம் கறுத்தது. கோட்டு ஸிப்பை மேலே இழுத்தார். அப்போதுதான் விளங்கியது. மாறிச் சொல்லிவிட்டேன். நான் இல்லை, அவர்தான் என்று, கிளப் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன்.

வேறு வசனம் என்னிடம் இல்லை. பையிலிருந்து ஜேர்சியை இழுத்தேன். இரண்டு தோளையும் பிடித்து ஒரு உதறு உதறினேன், கொடியில் போடுகிறதுக்கு எத்தனையோ ஆயிரம் தரம் உதறிய மாதிரி. முதுகைச் சனத்துக்குக் காட்டிப் பிடித்தேன்.

அரக்குத் துணியில் ஒரு அயன்பெட்டி. கூர் மேலே, அடி கீழே, அச்செடுத்த மாதிரி. அதற்குள் பாதி ஏழு.

"அன் ஃபேர்!" என்றாள் நதீன். அயன்பெட்டிக்குப் பிரெஞ்சு என்னவென்று அன்றைக்குத்தான் படித்தேன். நான் என் நெஞ்சில் குத்திக் காட்டினேன். "முவா" என்றேன். "முவா."

லுக் கிட்ட வந்து கருகிய இடத்தைப் பெருவிரலால் தடவினார். கன நேரம் தடவினார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவடிக்குப் போய் அவரிடம் சொன்னது மூன்று சொல்தான். அது எனக்கும் விளங்குகிற பிரெஞ்சு. மன்னிப்புக் கேட்டார்.

அவர் ஜேர்சியை வாங்கிப் பார்த்தார். கொலரைப் பிரித்தார். "இது என்ன?" என்று விரலால் காட்டினார்.

"உங்கடை பேர்" என்று தமிழில் சொன்னேன். "தனு."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் நடுவர் மாதிரிக் கையைத் தூக்கினேன். "தனூ!" என்றேன். பிறகு அவரைக் காட்டினேன். "தனூ! தனூ!"

முதலில் லுக் சிரித்தார். பிறகு அவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்து கையில் வந்த தரமெல்லாம் பிடிபட்டது மட்டும்தான் தான் விளையாடிய விளையாட்டு என்று மகளுக்குச் சொன்னார். கோட்டைக் கழற்றி, சேட்டுக்கு மேலேயே ஜேர்சியைப் போட்டார். பாதி வயிற்றுக்கு மேல் இறங்கவில்லை.

"நாரை வாத்தாய்ப் போச்சு" என்றார் லுக்.

"உன்ரை சமையல் சாப்பிட்டிருந்தால் மெலிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

நதீன் பலகைத் துணியை விலக்கிப் பேனையை வாங்கி, பதினேழுக்கு நேரே தகப்பனின் பெயரை எழுதினாள். எமில். நான் அவரின் சரியான பெயரைக் கேட்டது அப்போதுதான்.

பிறகு அவர் தேத்தண்ணி மேசைக்கு வந்தார். சிரிப்பு முகத்தில் இல்லை.

"பூர்க்குவா?" என்றார். ஏன் என்று கேட்கிறார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பதிலுக்குத்தான் பிரெஞ்சு இல்லை.

"பயம், தம்பி" என்றேன்.

அவர் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தார். டாக்சி ஓட்டிய கை, இறுக்கமாய்ப் பிடித்தது. நொந்தது. நான் இழுக்கவில்லை.

"தெனூ" என்றார், நடுவரைப் போலக் கத்தாமல், மெதுவாய்.

பிறகு விட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நான் அதற்குள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்தேன்.